வாசகர் கேள்வி – பதில்: நல்லையா மாஸ்டரும் கிழக்கின் சட்டசபை உறுப்பினர்களும்

சென்ற இதழில், 1944ஆம் ஆண்டு அரசாங்க சபையில் (சுதந்திரத்துக்கு முன்பிருந்த இலங்கையின் சட்டசபை) தமிழுக்காகத் திருத்தப் பிரேரணை கொண்டுவந்தவர் திருகோணமலை – மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினர் வி. நல்லையா என்று, வேறொரு கேள்விக்கான பதிலின் நடுவே ஒரே வரியில் எழுதியிருந்தோம். அந்த வரியைத் தொடர்ந்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றையொன்று தொடர்பவற்றைத் தேர்ந்து, இம்முறை இப்பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயில்பவள். வந்தாறுமூலை வளாகத்தில் 'நல்லையா மண்டபம்' என்று ஒரு மண்டபம் இருக்கிறது. நீங்கள் எழுதிய நல்லையாவும் அவரும் ஒருவர்தானா? அவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன தொடர்பு?
– மாணவி, செங்கலடி

பதில்: ஒருவரேதான். மட்டக்களப்பில் முதியவர்கள் அவரை 'நல்லையா மாஸ்டர்' என்றே குறிப்பிடுவார்கள். அமைச்சராக இருந்த ஒருவரை மக்கள் அந்தப் பதவியால் அழைக்காமல் அவருடைய ஆசிரியத் தொழிலால் நினைவு வைத்திருப்பதிலிருந்தே அவர் எப்படி அரசியலுக்கு வந்தார் என்பது விளங்கும். அக்காலத்தில் சட்டசபைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் சட்டத்தரணிகள், காணிச் சொந்தக்காரர்கள், பெரு வணிகர்கள். இவரோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்.

1936இல் தெரிவான இரண்டாவது அரசாங்க சபை, உலகப் போர் காரணமாகப் புதிய தேர்தல் நடத்தப்படாமல் 1947 வரை நீடித்தது. அந்த நீண்ட காலத்தின் இடையில், 1943ஆம் ஆண்டு திருகோணமலை – மட்டக்களப்புத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில் வென்று அவர் சபைக்குள் நுழைந்தார். திருகோணமலைத் துறைமுகத்தையும் மட்டக்களப்பு வாவியையும் அவற்றுக்கிடையிலான காட்டுக் கிராமங்களையும் ஒரே உறுப்பினர் பிரதிநிதித்துவம் செய்ய வேண்டியிருந்த தொகுதி அது. சோல்பரி யாப்பின்படி 1947இல் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட கல்குடாத் தொகுதியில் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்று வென்றார். 1952இலும் வென்றார், அமைச்சரவையிலும் இடம்பெற்றார். 1956ஆம் ஆண்டோடு அவருடைய பாராளுமன்ற வாழ்வு முடிந்தது. ஆக, சட்டசபையில் அவர் இருந்த காலம் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள்.

பல்கலைக்கழகத் தொடர்பை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அவர் சபைக்குப் போன காலத்துக் கல்வி நிலையை நினைக்க வேண்டும். கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வித் திட்டத்தைச் சபையில் போராடி நிறைவேற்றிய ஆண்டுகள் அவை; 1945 ஒக்டோபரில் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர் நாடியாக இருந்தவை கிராமப்புறங்களில் அமைக்கப்பட்ட மத்திய கல்லூரிகள். நகரத்து மிஷன் பாடசாலைக்குக் கட்டணம் கட்ட வழியில்லாத விவசாயியின் பிள்ளை, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறினால், விடுதியில் தங்கி உயர்கல்வி வரை படிக்கலாம் என்ற நிலை அவற்றால் உருவானது. மட்டக்களப்பு நகரத்துக்கு வடக்கே, வயல்கள் சூழ்ந்த வந்தாறுமூலையில் அப்படியொரு மத்திய கல்லூரி அமைந்ததில் நல்லையா மாஸ்டரின் உழைப்பு பெரியது என்று அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அந்த மத்திய கல்லூரியின் கட்டடங்களில்தான் தொடங்கியது; 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நீங்கள் இன்று நடந்து திரியும் வளாகத்தின் வரலாறு அந்த மத்திய கல்லூரியிலிருந்தே ஆரம்பமாகிறது என்பதால், அங்கே அவர் பெயரில் ஒரு மண்டபம் இருப்பது மிகப் பொருத்தமானது. மண்டபத்தின் வாயிலில் அவர் யார் என்பதை நாலு வரியில் எழுதிவைக்கும் கடமையை உங்களைப் போன்ற மாணவர்களே முன்னின்று செய்யலாம்.

கேள்வி: 1944இல் அவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது என்றால், 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் எப்படி வந்தது? பன்னிரண்டு வருடத்தில் காற்றில் போன ஒரு தீர்மானத்தை நாம் ஏன் இன்னும் பெருமையாகப் பேச வேண்டும்? இதைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. நாற்பது வருடம் வகுப்பறையில் நின்ற எனக்கே இதற்குச் சரியான பதில் தெரியவில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆரையம்பதி

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

நியாயமான கால எல்லைக்குள் சிங்களத்தை இலங்கையின் அரசகரும மொழியாக்க வேண்டும் என்ற பிரேரணையை ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசாங்க சபையில் முன்வைத்தார். 1944 மே மாதம் 24ஆம் திகதி அது விவாதத்துக்கு வந்தது. எல்லாப் பாடசாலைகளிலும் போதனாமொழி சிங்களம், பொதுப் பரீட்சைகளில் சிங்களம் கட்டாய பாடம் என்றெல்லாம் விரிந்த பிரேரணை அது. அந்தப் பிரேரணையில் சிங்களம் என்று வருமிடங்களில் தமிழையும் சேர்க்க வேண்டும் என்ற திருத்தத்தை நல்லையா கொண்டுவந்தார். சபையின் பெரும்பான்மையோர் அதை ஏற்றுக்கொண்டார்கள். மூலப் பிரேரணையைக் கொண்டுவந்த ஜெயவர்த்தன அதை எதிர்க்கவில்லை. இரு மொழிகளும் அரசகரும மொழிகளாவதில் தமக்கு ஆட்சேபம் எதுவும் இல்லையென அதே விவாதத்தில் பேசியவர்களில் ஒருவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 33ஆம் இலக்கச் சட்டம் அவருடைய அரசாங்கத்தின் கீழ் வந்தது என்பதை நீங்கள் மாணவர்களுக்குப் பலமுறை கற்பித்திருப்பீர்கள்.

இது எப்படி நடந்தது என்பதற்கு முதல் விடை சட்ட முறையைச் சார்ந்தது. 1944இல் நிறைவேறியது ஒரு தீர்மானம். தீர்மானம் என்பது சபையின் கருத்து. அது யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. அதைத் தொடர்ந்து ஜெயவர்த்தனவின் தலைமையில் ஒரு தெரிவுக்குழு அமைந்து, இரு மொழிகளுக்கும் மாறுவதற்கான வழிவகைகளை 1946இல் அறிக்கையாகத் தந்தது. அந்த அறிக்கையைச் சட்டமாக்க வேண்டிய கட்டத்தில் நாட்டின் கவனம் முழுவதும் சுதந்திரம், புதிய யாப்பு, முதலாவது தேர்தல் என்று திரும்பிவிட்டது. சோல்பரி யாப்பிலும் அரசகரும மொழி எது என்ற ஏற்பாடு இடம்பெறவில்லை. சபை ஒருமனப்பட்டிருந்த வேளையில் சட்டமாக்காமல் விட்டதற்கு, கருத்து மாறிய வேளையில் விலை கொடுக்க நேர்ந்தது. 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய ஐக்கிய தேசியக் கட்சியும் சிங்களம் மட்டும் என்ற நிலைப்பாட்டுக்குப் போனபோது, அக்கட்சிக்குள் இருந்து தமிழ்ப் பகுதிகளைப் பிரதிநிதித்துவம் செய்தவர்களுக்கு நிற்பதற்கு இடமில்லாமல் போயிற்று. நல்லையா இருந்தது அந்தக் கட்சியில்தான்.

பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அந்தத் திருத்தம் இல்லாமல் மூலப் பிரேரணை அப்படியே நிறைவேறியிருந்தால், சுதந்திரத்துக்கு முன்பிருந்த சட்டசபையே தமிழை ஒதுக்கியது என்பதே வரலாறாகியிருக்கும். 1956ஐ நியாயப்படுத்த விரும்புவோருக்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் கிடைத்திராது. நல்லையா எழுந்து நின்றதனால், இந்நாட்டின் சட்டசபை இரண்டு மொழிகளையும் சமமாக ஏற்றுக்கொண்ட ஒரு நாள் பதிவில் நிற்கிறது. 1987இல் அரசியலமைப்புக்கான 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று விதித்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் அதே ஜெயவர்த்தன. இடையில் கழிந்தவை 43 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எத்தனை உயிர்கள் போயின என்பதை உங்கள் ஊரிலும் என் ஊரிலும் எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1944இல் சொன்னதை அப்போதே சட்டமாக்கியிருந்தால் இந்நாடு எங்கே நின்றிருக்கும் என்று எண்ணும்போது, அந்தத் திருத்தத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அரசாங்க சபை உறுப்பினருக்கும் இன்றைய பாராளுமன்ற உறுப்பினருக்கும் அதிகாரத்தில் என்ன வேறுபாடு?
– உயர்தர மாணவர், சம்மாந்துறை

பதில்: டொனமூர் யாப்பின் கீழ் 1931இல் தொடங்கிய அரசாங்க சபையில் தொகுதிவாரியாகத் தெரிவானவர்கள் 50 பேர், நியமன உறுப்பினர்கள் 8 பேர், அரச அதிகாரிகள் 3 பேர். இன்று ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று நாம் காணும் பிரிவு அங்கே இருக்கவில்லை. உறுப்பினர் அனைவரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். உள்நாட்டு அலுவல், விவசாயமும் காணியும், சுகாதாரம், கல்வி, உள்ளூராட்சி, போக்குவரத்தும் வேலையும், தொழிலும் வர்த்தகமும் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துறை. குழு உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரைத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். அவரே அத்துறையின் அமைச்சர்.

இதன் பொருள், மட்டக்களப்பிலிருந்து இரவு அஞ்சல் புகையிரதத்தில் கொழும்புக்குப் போன ஒரு தனி உறுப்பினர், கட்சிப் பலம் எதுவும் இல்லாமலேயே ஒரு துறையின் நிர்வாக முடிவுகளில் நேரடியாகக் கை வைக்க முடிந்தது என்பதாகும். ஒரு கோப்பு குழுவுக்கு வந்தால் அவரும் அதைப் பார்த்தார், கேள்வி கேட்டார், வாக்களித்தார். இன்றைய எதிர்க்கட்சி உறுப்பினருக்கு இது இல்லை. ஆனால் அந்த முறைக்குள்ளே ஓர் ஆபத்தும் இருந்தது. 1936 தேர்தலுக்குப் பின் குழுக்களில் உறுப்பினர்கள் பங்கிடப்பட்ட விதத்தால், ஏழு அமைச்சர்களும் சிங்களவர்களாகவே அமைந்தார்கள். 1942இல் அருணாசலம் மகாதேவா உள்நாட்டு அமைச்சரானபோதே அந்நிலை மாறியது. முறை எவ்வளவு நன்றாக வகுக்கப்பட்டாலும் எண்ணிக்கையை ஒரு பக்கமாகத் திரட்டிக்கொண்டால் சிறுபான்மையினர் வெளியே நிற்க நேரும் என்பதைத் தமிழ், முஸ்லிம் தலைவர்கள் அங்கேதான் கண்டார்கள்.

உங்கள் ஊருக்கு உரிய ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்கிறேன். இன்றைய அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்கள் அன்று மட்டக்களப்பு தெற்குத் தொகுதிக்குள் இருந்தன. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். 1931இல் அத்தொகுதியிலிருந்து தெரிவான எச். எம். மாக்கான் மாக்கார், முதலாவது அரசாங்க சபையில் போக்குவரத்து, வேலைகள் அமைச்சராக இருந்தார். சர்வசன வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலை யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகள் பகிஷ்கரித்து, 1934 வரை பிரதிநிதிகள் இல்லாமலே இருந்தன; கிழக்கு அந்தப் பகிஷ்கரிப்பில் சேரவில்லை.

கேள்வி: சொல்லின் செல்வர் இராசதுரை ஐயா 33 வருடம் தோல்வியே காணாமல் இருந்தவர். கடைசியில் கட்சி மாறினார் என்ற ஒரே காரணத்துக்காக அவரை மறந்துவிடலாமா? எங்கள் வீட்டில் இதைப் பற்றி எனக்கும் என் மூத்தவருக்கும் தீராத வாக்குவாதம்.
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வாக்குவாதம் தீர வேண்டும் என்பதில்லை, ஆனால் இருவரும் ஒரே தரவுகளை முன்வைத்து வாதிட்டால் நல்லது. செல்லையா இராசதுரை 1956இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் மட்டக்களப்புத் தொகுதியில் முதன்முதலாக வென்றார். 1960இல் நடந்த இரு தேர்தல்கள், 1965, 1970, 1977 ஆகிய அத்தனையிலும் வென்றார். பாராளுமன்றத்தின் ஆயுட்காலம் நீடிக்கப்பட்டதால் 1989 வரை உறுப்பினராக இருந்தார். மட்டக்களப்பு மாநகர சபையின் முதலாவது முதல்வரும் அவரே. 1960 முதல் மட்டக்களப்பு, இரு உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வொரு பிரதிநிதி கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அமைந்த தொகுதி அது; என்றாலும் 1970இல் இராசதுரையோடு சுயேச்சையாக நின்ற இராஜன் செல்வநாயகமும் வென்று, இருவரும் தமிழராக அமைந்ததும் உண்டு. அத்தகைய தொகுதியில் இத்தனை முறை வெல்வதற்கு மேடைப் பேச்சு மட்டும் போதாது. கிராமம் கிராமமாக மக்களை அறிந்திருக்க வேண்டும்.

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி அவரைச் சூரியன் சின்னத்திலும், கவிஞர் காசி ஆனந்தனைத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்திலும் அதே தொகுதியில் நிறுத்தியது. அந்தத் தேர்தல் கட்சிக்குள் விதைத்த பிளவுதான் 1979இல் அவர் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போவதில் போய் முடிந்தது. கட்சி மாறினால் ஆசனம் பறிபோகும் என்ற ஏற்பாட்டைத் தாண்டி எதிரணியிலிருந்து வருவோரை ஏற்பதற்காக, அதே ஆண்டு அரசியலமைப்புக்கு இரண்டாவது திருத்தம் கொண்டுவரப்பட்டது. ஒரு கட்சியின் பெயரால் பெற்ற வாக்கை இன்னொரு கட்சிக்கு எடுத்துச் செல்வது வாக்காளனுக்குச் செய்யும் நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து. பதவியை விட்டு விலகி மீண்டும் மக்களிடம் வந்திருக்க வேண்டும். அதற்குள் இருந்த மனக்காயத்தை நான் அறியாதவன் அல்ல. எனினும் காயம் கட்சியால் ஏற்பட்டது, வாக்கு மக்களுடையது.

உங்கள் மூத்தவர் இதைச் சொன்னால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. பிரதேச அபிவிருத்தி, இந்து சமய அலுவல்கள் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தபோது அவர் கல்லடியில் நிறுவிய விபுலானந்த இசை நடனக் கல்லூரி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்திருக்கிறது. வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள். அவர் கட்சி மாறுவதற்கு முந்திய ஆண்டிலே, 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களைத் தரைமட்டமாக்கியபோது, அரசாங்கத்துக்குள் இருந்த கல்குடா உறுப்பினர் கே. டபிள்யூ. தேவநாயகத்தின் கை எட்டிய இடங்கள் எதிரணியில் இருந்தவர்களுக்கு எட்டவில்லை என்பதையும் அந்தக் கால மக்கள் பார்த்தார்கள். அரசாங்கத்தோடு சேர்வதா, வெளியே நின்று உரிமை பேசுவதா என்ற கேள்வி மட்டக்களப்பு உறுப்பினர் ஒவ்வொருவரையும் இப்படித்தான் பிடித்து உலுக்கியிருக்கிறது. பட்டிருப்பின் எஸ். எம். இராசமாணிக்கம், உங்கள் ஊர்க்காரர், தமிழரசுக் கட்சியின் தலைவராகவே இருந்து இரண்டாவது வழியில் நின்றார்.

கேள்வி: தேர்தலில் வென்ற ஓர் உறுப்பினரைப் பாராளுமன்றமே ஒரு சட்டத்தால் வெளியேற்ற முடியுமா?
– சட்டக் கல்லூரி மாணவர், கல்முனை

பதில்: உங்கள் ஊரின் வழக்கே இதற்கு விடை. கல்முனையைப் பல தடவை பிரதிநிதித்துவம் செய்த கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர், இலஞ்சம் பற்றி விசாரித்த ஆணைக்குழுவின் முடிவுகளைத் தொடர்ந்து, குறித்த சிலரின் குடியியல் உரிமைகளை நீக்கிய 1965ஆம் ஆண்டின் விசேட சட்டத்தின் கீழ்த் தம் ஆசனத்தை இழந்தார். நீதிமன்றம் செய்ய வேண்டிய தண்டனையைச் சட்டசபை செய்துவிட்டது என்பது அவருடைய வாதம். அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரித்தானியக் கோமறைக் கழகம் 1967இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. போதிய பெரும்பான்மையோடு நிறைவேறிய சட்டம் செல்லும் என்றது. காரியப்பர் எதிர் விஜேசிங்க என்ற அந்த வழக்கு பொதுநலவாய நாடுகளின் சட்ட நூல்கள் பலவற்றில் இடம்பெற்றிருக்கிறது. பெயர் குறித்த மனிதருக்கென்று தனிச் சட்டம் இயற்றும் வழக்கம் நல்லதல்ல என்றே நான் கருதுகிறேன். தீர்ப்பை முழுமையாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கேள்வி: கிழக்கிலிருந்து பெண் எவரும் பாராளுமன்றம் போனதில்லையா?
– இல்லத்தரசி, அக்கரைப்பற்று

பதில்: போயிருக்கிறார், உங்கள் பகுதியிலிருந்துதான். 1977இல் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்த பொத்துவிலில் வென்ற எம். கனகரத்தினம் 1978இல் சுடப்பட்டு, 1980இல் காலமானார். அவருடைய இடத்துக்குச் சகோதரி இரங்கநாயகி பத்மநாதன் உறுப்பினராக்கப்பட்டார். குடும்பத்தில் ஓர் ஆண் இறந்த பின்னரே பெண்ணுக்கு வழி திறக்கும் நிலையை மாற்ற, கட்சிகள் வேட்புமனுவில் பெண்களை வெல்லக்கூடிய இடங்களில் நிறுத்த வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு மாகாண சபை உறுப்பினரே இல்லாமல் இத்தனை வருடம் போய்விட்டது. உண்மையில் அதனால் எதை இழந்திருக்கிறோம்? இருந்தபோதும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?
– விவசாயி, திருக்கோவில்

பதில்: 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியதோடு மாகாண சபைகளையும் உருவாக்கியது. 1988 நவம்பரில் வடக்கு – கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. 1990இல் அச்சபை முடிவுக்கு வந்தது. இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்த பின், கிழக்குக்குத் தனியாக 2008 மே 10ஆம் திகதி தேர்தல் நடந்தது. சபையில் 37 பேர். அம்பாறை மாவட்டத்துக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, மேலதிக ஆசனங்கள் 2. இரண்டாவது சபையின் காலம் 2017 செப்டம்பர் 30ஆம் திகதி முடிந்தது. தேர்தல் முறையை மாற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் தோற்கடித்ததால் தேர்தல் முடங்கியது. அதன் பின் மாகாணத்தின் அலுவல்களை ஆளுநரே நடத்தி வந்தார்.

இழப்பு என்ன என்று கேட்கிறீர்கள். தேசிய பாடசாலை அல்லாத உங்கள் ஊர்ப் பாடசாலை, பிரதேச வைத்தியசாலை, மாகாண வீதி, கால்நடை வைத்தியம், உள்ளூராட்சி மேற்பார்வை ஆகியவை மாகாணத்துக்குரியவை. அவற்றைப் பற்றி நியதிச் சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) இயற்றவும், வரவு செலவுத் திட்டத்தில் கேள்வி கேட்கவும், தவறை ஒரு சபையின் நடுவே பெயர் சொல்லிக் கேட்கவும் உங்களால் தெரிவு செய்யப்பட்டவர் எவரும் இல்லாமற் போனார்கள். ஆசிரியர் இடமாற்றத்திலோ வயல் வீதியிலோ குறை இருந்தால் மனு எழுதிக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சபை இருந்த காலத்திலும் அதன் பலத்தை நம்மவர்கள் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பது உண்மையே. சமுர்த்தி போன்ற அமைப்புகளை மத்திய அரசின் ஒரே திணைக்களத்தின் கீழ்க் கொண்டுவர முனைந்த வாழ்வின் எழுச்சி (திவிநெகும) சட்டமூலம் மாகாணங்களின் அதிகாரத்தைத் தொடுவதால் மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2012இல் சொன்னது. நாட்டின் சட்டத்தை நிறுத்தி யோசிக்க வைக்கும் வாய்ப்பு ஒரு மாகாண உறுப்பினருக்குக் கிடைத்த அரிய தருணம் அது. கிழக்கு மாகாண சபை அதற்கு இணக்கம் தெரிவித்தது. தன் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்துக்குத் தானே கையுயர்த்திய அந்த வாக்கெடுப்பை நான் வருத்தத்தோடு நினைக்கிறேன். ஆனால் சரியாகப் பயன்படுத்தாத ஒரு கருவியை இழந்துவிட்டால் போகட்டும் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம், நியதிச் சட்டம் என்றால் என்ன, எந்தத் துறையில் எதை இயற்றப் போகிறீர்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

கேள்வி: நல்லையா, அஷ்ரப் போன்றவர்களின் வாழ்க்கையைச் சிறு நூல்களாக எழுத எங்கள் வாசகர் வட்டம் விரும்புகிறது. எங்கே தொடங்குவது?
– வாசகர் வட்டம், ஏறாவூர்

பதில்: மிக நல்ல முயற்சி, தமிழர், முஸ்லிம்கள் என்ற இரண்டு சமூகத்தவரையும் ஒரே வரிசையில் வைத்து எழுத எண்ணியதற்காக என் தனிப்பட்ட நன்றி. பிறந்த நாள், படித்த பள்ளி, கிடைத்த மாலைகள் என்று தொடங்கும் மலர்க் கட்டுரைகள் நம்மிடம் ஏராளம். நீங்கள் சபை உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டை அடிப்படையாக வைத்து எழுதுங்கள். அரசாங்க சபைக் காலப் பதிவுகள் ஆங்கிலத்தில் உள்ளன. கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அனுமதி பெற்று வாசிக்கலாம். பழைய தமிழ்ப் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஒருவர் எழுப்பிய கேள்விகள், அளித்த வாக்குகள், வராமல் விட்ட நாட்கள் ஆகிய மூன்றையும் ஆண்டுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நல்லையாவை எழுதும்போது 1944ஐ மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். 1948இல் மலையகத் தமிழரைப் பாதித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவர் அரசாங்கத் தரப்பு உறுப்பினர். அந்த விவாதத்தின் பக்கங்களையும் திறந்து, அங்கே இருப்பதை உள்ளபடியே எழுத வேண்டும். அவருடைய காலத்தில் அவர் தொகுதிக்குட்பட்ட வாழைச்சேனையில் காகித ஆலைக்கு அடித்தளம் இடப்பட்டது. அதற்கு முன்னின்றவர் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலம். யாருக்கு எது உரியதோ அதை அவருக்கே எழுதுங்கள்.

ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸின் தாபகத் தலைவர் எம். எச். எம். அஷ்ரப்பைப் பொறுத்தவரை, அவர் உறுப்பினராவதற்கு முன்பே தொடங்க வேண்டும். விகிதாசாரத் தேர்தலில் ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெற எட்டில் ஒரு பங்கு வாக்கு வேண்டும் என்றிருந்த வெட்டுப்புள்ளி, 1988 டிசம்பரில் 15ஆவது திருத்தத்தால் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே மாதம் நடந்த ஜனாதிபதித் தேர்தல் வேளையில் அவர் நடத்திய பேச்சுவார்த்தையின் விளைவு அது. சிறிய கட்சிகள் அனைத்தும் இன்றுவரை அதன் பயனை அனுபவிக்கின்றன. 1989இல் அவர் அம்பாறையிலிருந்து பாராளுமன்றம் போனார், 1994இல் துறைமுக அமைச்சரானார். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்ததும் அவருடைய முயற்சியால்தான். 2000 செப்டம்பர் 16ஆம் திகதி அரநாயக்காவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 51. அவர் கவிஞருமாவார், ஆனால் அதைத் தனி அத்தியாயமாக வையுங்கள்.

அவர்களோடு பணியாற்றியவர்களும் மாணவர்களும் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். சுவடிகள் திணைக்களத்துக்குப் பிறகு போகலாம். அவர்கள் சொல்வதைக் குரற்பதிவு செய்து, திகதிகளைப் பத்திரிகையோடு ஒப்பிட்ட பின்னரே எழுத்தில் சேருங்கள். முதல் நூலின் கைப்பிரதி தயாரானதும் எமக்கு அனுப்புங்கள். ஒரு பகுதியை இவ்விதழில் வெளியிடுவோம்.